ஏ-ஆர்முக்குக் கவர் போட்ட சீசன்

கல்லூரி ரேஸ் டீம்களில் இருக்கிற தம்பி தங்கைகள் எனக்கு அனுப்பும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். ஏரோவில், அதாவது கார் மேல் காற்று போகும் விதத்தைத் திருத்தி, நேரத்தை எப்படிக் குறைப்பது? எந்த சாஃப்ட்வேர்? விங்கை எவ்வளவு இறக்கலாம்? இந்தக் குறிப்பு அவர்களுக்குத்தான். ஆனால் நேரத்தைக் குறைத்த கதையாக இதைப் படிக்க வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஆறு ரேஸ், அதாவது ஆறு ரவுண்டு கொண்ட ஒரு சீசனில், ஒரு காரை ரவுண்டுக்கு ரவுண்டு மாற்றினோம். ஐந்தாவது ரவுண்டில் அதே கார் எங்கள் டிரைவரின் இடது கணுக்காலை நொறுக்கியது. அதற்குக் காரணமான பாகத்தை வடிவமைத்தது நான்.

1. முதல் டெஸ்ட்

எங்கள் ஷெட் கொட்டிவாக்கத்தில், ஈ.சி.ஆரிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் நாலு வீடு தள்ளி. ஒரு ஸ்பேனரை வெளியே வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் துரு ஏறியிருக்கும், அப்படிப்பட்ட காற்று. ரேஸ் நாட்களில் கூலிக்கு ஆள் வருவார்கள். மற்றபடி டீம் என்றால் நாங்கள் நாலு பேர்தான்.

சேஷாத்ரி சார் டீமின் சொந்தக்காரர். மயிலாப்பூர்காரர். சஸ்பென்ஷன் செட்டப் முழுக்க அவர் கையில். நசீர் பாய் வெல்டிங், ஃபைபர், பெயிண்ட் எல்லாவற்றுக்கும். முப்பத்தெட்டு வயது, கச்சேரி ரோட்டில் வீடு, வாய் சும்மா இருக்காது. நான் ஏரோவும், காரின் சென்சார்கள் பதிவு செய்கிற டேட்டாவும். நாலாவது ஆள் டிரைவர் செந்தில், இருபத்திரண்டு வயது. அவன் அப்பாவுக்கு தி. நகரில் ஜவுளிக்கடை, சொந்த ஊர் தென்காசிப் பக்கம்.

முதல் டெஸ்ட் அன்று ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே செந்தில் கத்த ஆரம்பித்தான்.

"மேடம், ஸ்லோ கார்னர்ல திருப்பினா திரும்ப மாட்டேங்குது. ஃபாஸ்ட் கார்னர்ல திருப்பவே வேணாம், பின்னாடி டயர் என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போகுது. ஒரே கார்தானா இது, ரெண்டு காரை ஒட்டி வச்சிருக்கீங்களா?"

"ஒட்டினது நான்தான், கம்ப்ளெய்ன்ட்டு அந்தப் பக்கம் சொல்லு" என்று என்னைக் காட்டினார் நசீர் பாய்.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது. காரின் மூக்கில் இருக்கும் முன் விங் தரைக்கு நெருங்க நெருங்க காரைக் கீழே அழுத்தும் விசை கூடும். வேகம் கூடினால் மூக்கு தானாக அமுங்கும், விங் தரையை இன்னும் நெருங்கும், விசை இன்னும் கூடும். அதனால் வேகமான வளைவில் முன் டயர் மட்டும் தரையைக் கவ்வும், பின் டயர் வழுக்கும். மெதுவான வளைவில் நேர் எதிர். மருந்து எளிது. முன் ஸ்பிரிங்கை இறுக்கமானதாக மாற்றி, மூக்கை ஒரே உயரத்தில் நிறுத்த வேண்டும்.

திரும்பி வரும்போது வேனில் செந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு இது ஒண்ணுதான் மேடம் சீசன். அப்பா சொல்லிட்டாரு. மொத்தத்துல முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்தா அடுத்த வருஷமும் ஓட்டலாம். இல்லன்னா கடையில உக்காரணும்."

"கடை நல்லாத்தானே போகுது?"

"அதான் பயமே. நல்லாப் போற கடையை விட்டுட்டு எவனாவது வருவானா?"

அன்றிலிருந்து எனக்கும் அந்த இரண்டாவது இடம்தான் குறி.

2. கோலப்பொடி

முதல் ரவுண்டில் பழைய ஸ்பிரிங்கோடு ஐந்தாவது இடம். புது ஸ்பிரிங் வந்த இரண்டாவது ரவுண்டில் மூன்றாவது இடம். அது நிஜமான முன்னேற்றம். டேட்டாவில் தெளிவாகத் தெரிந்தது, எந்த வளைவில் எவ்வளவு என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

சேஷாத்ரி சார் என்னிடம் சொன்னார்: "மது, ஸ்பிரிங்ல வர வேண்டியது வந்துடுத்து. இன்னும் நேக்கு ஒரு டென்த் வேணும். எங்கேர்ந்து கொண்டு வரேன்னு சொல்லு."

ஒரு டென்த் என்றால் ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு. எங்கள் தொழிலில் அதற்காக ஆட்கள் தூக்கத்தை விடுவார்கள்.

காற்று காரின் மேல் எப்படிப் போகிறது என்று பார்க்க வெளிநாட்டு டீம்கள் பளீரென்ற ஒரு திரவம் பூசுவார்கள். நாங்கள் மேற்கு மாம்பலம் கடையில் வாங்கிய பச்சைக் கோலப்பொடியை மண்ணெண்ணெயில் கரைத்துப் பூசினோம். செந்தில் டிராக்கை மூன்று லேப் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினான். காற்று ஒழுங்காகப் போன இடத்தில் பொடி கோடு கோடாக இழுபட்டிருந்தது. முன் சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் ஒரே களேபரம்.

காரணம் ஏ-ஆர்ம். சக்கரத்தையும் காரின் உடலையும் இணைக்கும் முக்கோண வடிவ எஃகுக் குழாய் அது. உருண்டைக் குழாய் காற்றில் ரொம்ப மோசம். ஒல்லியாக இருந்தாலும் தனக்குப் பின்னால் பெரிய கலக்கத்தை உண்டாக்கும். அதே குழாய்க்கு விமான இறக்கை வடிவில் ஒரு கவர் போட்டால் கலக்கம் பெருமளவு அடங்கிவிடும். பாடப்புத்தகத்திலேயே இருக்கிற விஷயம்தான்.

கோட்டூர்புரம் நூலகத்தில் ஏ.சி.யும் உண்டு, பிளக் பாயின்ட்டும் உண்டு. இரண்டு வாரம் அங்கேயே லேப்டாப்போடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் காற்றை ஓடவிட்டேன். விடை வந்தது: ஒரு லேப்புக்கு ஒன்றரை டென்த். படிகளில் ஓடி இறங்கி அங்கிருந்தே சாருக்கு போன் செய்தேன்.

3. வெள்ளைப் பெயிண்ட்

இங்கே நசீர் பாயின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெல்டு செய்த ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய வெள்ளைப் பெயிண்ட் அடிப்பார். கார் பார்க்க அசிங்கமாக இருக்கும், முழங்கை முழங்காலெல்லாம் கட்டுப் போட்ட மாதிரி. ஆனால் எஃகில் மயிரிழை விரிசல் விட்டாலும் மேலே இருக்கும் வெள்ளையும் வெடிக்கும். அதற்குள் துரு இறங்கி, பென்சிலால் கோடு போட்ட மாதிரி காட்டும். ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எல்லா வெல்டையும் பார்ப்பார். பெரிய டீம்களில் எக்ஸ்ரே மாதிரி ஏதேதோ உண்டு. எங்களுக்கு இதுதான்.

ஒரு சக்கரத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஏ-ஆர்ம் உண்டு; நான் செய்த கவர் கீழ் ஏ-ஆர்மை முழுக்க மூடியது. முக்கியமான வெல்டு ஒன்று அந்த ஏ-ஆர்மின் நுனியில் இருக்கிறது. ஸ்பிரிங்குக்குப் போகிற ராடு வந்து உட்காரும் இடம். சக்கரம் வாங்குகிற அடியெல்லாம் அந்த வெல்டு வழியாகத்தான் ஸ்பிரிங்குக்குப் போகும். நாங்கள் ஸ்பிரிங்கை இறுக்கியிருந்தோம். அதனால் அங்கே அடியும் கூடியிருந்தது.

மூன்றாவது ரவுண்டுக்குக் கவரை டேப் போட்டுத்தான் ஒட்டினோம். ஒவ்வொரு முறையும் பிரித்து, வெல்டைப் பார்த்து, திரும்ப ஒட்டினார் பாய். செந்தில் ஜெயித்தான். முந்தைய ரவுண்டைவிட நேரமும் நிறையக் குறைந்திருந்தது. ஆனால் ரேஸ் பாதியில் வெயிலில் டேப் இளகி, கவரின் ஓரம் தூக்கிக்கொண்டு படபடவென்று அடித்தது. அடுத்த முறை இப்படித் தொங்கினால் கறுப்புக் கொடி காட்டி வெளியே அழைத்துவிடுவோம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள்.

ஷெட்டுக்கு வந்ததும் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"பாய், எபாக்சி போட்டு நிரந்தரமா ஒட்டிடலாம்."

"ஒட்டிட்டா உள்ள இன்னா கீதுன்னு நான் எப்டி பாக்கறது? கண்ணாலயா, கனவுலயா?"

"கணக்குப் போட்டுட்டேன் பாய். ஸ்பிரிங் மாத்தினதுக்கு அப்புறமும் குழாய் ரெண்டு மடங்கு தாங்கும்."

"குழாய் தாங்கும்மா. நான் வெல்டைக் கேக்கறேன்."

"வெல்டு நீங்க போட்டதுதானே? உங்க மேலயே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

அவர் வாயை அடைக்கத்தான் அதைச் சொன்னேன். அடைபட்டது. இன்றைக்கும் அந்த வார்த்தை என் காதில் இருக்கிறது.

என் கணக்கு பொய்யில்லை. ஆனால் அது வழவழப்பான குழாய்க்கான கணக்கு. வெல்டின் ஓரத்தில் உலோகம் எவ்வளவு பலவீனமாகும், ஆயிரம் முறை அடி வாங்கினால் என்ன ஆகும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. கவரில் ஜன்னல் மாதிரி ஒரு சின்னத் திறப்பு விடலாமா என்று யோசித்தேன். திறப்பின் விளிம்பு சரியாகக் காற்று கெடுகிற இடத்தில் வந்தது. விட்டுவிட்டேன்.

சார் இரண்டு பக்கமும் பார்த்தார். "இன்னும் மூணு ரவுண்டுதானே நசீர்? சீசன் முடிஞ்சதும் வெட்டிப் பார்த்துக்கலாம்."

பாயும் சம்மதித்தார். சம்மதித்தது மட்டுமில்லை, வேலையில் இறங்கியதும் ஆளே மாறிவிட்டார். பட்டி பார்த்து, தேய்த்து, கறுப்பு அடித்து, கையால் தடவிப் பார்த்து, "பாத்தியா, வெண்ணெ மாதிரி கீது! ஏரோப்ளேன் காரன் வந்து கேப்பான் யாரு செஞ்சதுன்னு" என்றார். ஷெட்டில் எல்லோரும் அன்று சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு நான் செய்ததுதான் மோசமான காரியம். ரேஸுக்குப் பிறகு நிரப்பும் செக்லிஸ்டில் "கீழ் ஏ-ஆர்ம் வெல்டு: பெயிண்டில் கீறல் இல்லை" என்று ஒரு வரி இருந்தது. அதை இனி நிரப்ப முடியாது. காலியாக விட்டால் பார்க்க நன்றாக இல்லை. அதனால் வரியைத் திருத்தி, "கீழ் ஏ-ஆர்ம் கவர்: விரிசல், தூக்கல் இல்லை" என்று மாற்றி பிரின்ட் எடுத்தேன். அதற்குப் பிறகு அந்த வரியில் எப்போதும் டிக் விழுந்தது. கவர் அவ்வளவு அழகாக இருந்தது.

4. லேசாக இழுக்குது

நாலாவது ரவுண்டில் இரண்டாவது இடம். மொத்தப் புள்ளிகளிலும் செந்தில் இரண்டாவது இடத்தில் இருந்தான். அவன் அப்பா முதல் தடவையாக டிராக்குக்கு வந்திருந்தார். வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போகும்போது எங்கள் எல்லோருக்கும் அல்வா கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று செந்தில் ஒன்று சொன்னான்.

"பிரேக் போடும்போது லேசா இடது பக்கம் இழுக்குது மேடம். பெருசா இல்ல."

சேஷாத்ரி சார் அலைன்மென்ட்டை அளந்தார். இடது முன் சக்கரம் கொஞ்சம் விலகியிருந்தது. "கர்ப்ல ஏறி இறங்கிண்டே இருக்கான், மாறாம என்ன பண்ணும்?" என்று சரி செய்தார். டிராக்கின் ஓரத்தில் இருக்கும் சிவப்பு வெள்ளை மேட்டைத்தான் நாங்கள் கர்ப் என்போம். எல்லா டிரைவர்களும் அதில் ஏறித்தான் ஓட்டுவார்கள். அதனால் சார் சொன்னது நியாயமாகவே பட்டது.

அடுத்த பிராக்டீஸில் இழுப்பு போய்விட்டது. அடுத்த நாள் திரும்ப வந்தது. திரும்பவும் அளந்தோம், திரும்பவும் சரி செய்தோம். சரி செய்த சக்கரம் ஏன் மறுபடி விலகுகிறது என்று நாலு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. விலகலைச் சரி செய்ய எங்களுக்குத் தெரியும். தெரிந்த வேலையைச் செய்தோம்.

5. ஒன்பதாவது லேப்

ஐந்தாவது ரவுண்டு. டிராக் ஓரத்தில் டீம்கள் உட்காரும் பிட் சுவரில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். செந்தில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தான். நீள நேர்ப்பாதை முடிந்து வலது பக்கம் திரும்பும் இடம். திரையில் பிரேக் கோடு ஏறியது. அதே நொடியில் இடது முன் சக்கரத்தின் ஸ்பிரிங்கோடு சேர்ந்து அசையும் டேம்பரின் கோடு ஒரே தாவலில் முழு நீளத்துக்குப் போய் அங்கேயே நின்றது. ஸ்டியரிங் வலது பக்கம் முழுக்கத் திரும்பியிருந்தது. கார் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

டயர்களை அடுக்கிக் கட்டிய தடுப்புச் சுவரில் கார் மோதிய சத்தம் எங்கள் வரை வந்தது.

"செந்தில்? செந்தில், கேக்குதா?" என்று சார் ரேடியோவில் திரும்பத் திரும்பக் கேட்டார்.

பதில் வந்தது. அமைதியான குரல், யாரிடமோ வழி கேட்கிற மாதிரி.

"சார், இடது கால் எங்க இருக்குன்னு தெரியல."

சக்கரம் மடங்கி உள்ளே வந்து பெடல் இருக்கும் இடத்தை நசுக்கியிருந்தது. குழாய்களை வெட்டித்தான் அவனை வெளியே எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்போது அவன் என்னைப் பார்த்து, "ரேஸை நிறுத்திட்டாங்களா? அப்ப பாதிப் பாயின்ட்டாவது குடுப்பாங்கல்ல?" என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் போட்டியில் அப்படி ஒரு விதி கிடையாது.

உடைந்த காரை வேனில் ஏற்றும்போது பக்கத்து டீம் மெக்கானிக் ஒருவர் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்: "லோக்கல் வெல்டிங். வேற இன்னா?" நசீர் பாய் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

6. வெட்டிப் பார்த்தோம்

மூன்றாம் நாள் ஷெட்டில் உடைந்த ஏ-ஆர்மை மேஜை மேல் வைத்தோம். அடையாறில் மருத்துவமனைக்குப் போய்விட்டு நான் நேராக வந்திருந்தேன். கணுக்காலில் தகடு வைத்திருக்கிறார்கள், இனி அது மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் காரில் பிரேக் மிதிக்கிற கால் அதுதான்.

பாய் கிரைண்டரை எடுத்து கவரை நீளவாக்கில் பிளந்தார். உள்ளே ஈரம் இருந்தது. கடற்காற்றும், நாங்கள் கார் கழுவிய தண்ணீரும் போக வழியில்லாமல் தங்கியிருந்தன.

உலோகம் உடைந்த முகத்தைப் பார்த்தால் எப்போது உடைந்தது என்று சொல்லலாம். புதிதாக உடைந்த இடம் பளபளக்கும். பழைய விரிசல் பழுப்பாக இருக்கும். எங்கள் வெல்டில் முக்கால் பாகம் பழுப்பு. பளபளப்பு, ஒரு நகம் அளவுதான். விரிசல் மெல்ல மெல்ல வளர வளர ஏ-ஆர்ம் வளைந்து கொடுத்திருக்கிறது. அதைத்தான் நாங்கள் அலைன்மென்ட் என்று சரி செய்துகொண்டே இருந்தோம்.

குழாயின் மேல் பாய் அடித்த வெள்ளைப் பெயிண்ட் அப்படியே இருந்தது. அதில் விரிசலின் கோடு, பழுப்பாக, நேராக, முழுசாக.

"பாரு" என்றார் பாய். "எவ்ளோ க்ளீனா காமிச்சிக்கினு கீது பாரு. பாக்கத்தான் ஆளில்ல."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் கிரைண்டரின் வயரைச் சுற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு எங்கள் காருக்கு அவர் வெல்டு வைக்கவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார், நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. நான் இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

விபத்து ரிப்போர்ட் எழுத வேண்டியிருந்தது. சார் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கர்ப்ல அடிச்சதுல உடைஞ்சதுன்னு எழுதினா யாரும் கேக்க மாட்டா, மது."

"பழுப்பா இருக்கே சார்."

"நான் பார்க்கலையா?" அப்புறம் எழுந்துகொண்டார். "சரி. உள்ளதை எழுது. வெல்டு நன்னா இருந்துதுன்னும் எழுது. நாம பார்க்கலைன்னும் எழுது. என் பேரையும் போடு."

எழுதினேன். செக்லிஸ்ட் வரியை நான் மாற்றியதையும் எழுதினேன். ஆறாவது ரவுண்டுக்கு நாங்கள் போகவில்லை. செந்தில் மொத்தத்தில் நாலாவது இடத்தில் முடித்தான்.

7. இரண்டாவது மாடி

நாலு மாதம் கழித்து தி. நகருக்குப் போனேன். கல்லாவில் செந்திலின் அப்பா இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"வாங்கம்மா. மேல பட்டு செக்‌ஷன்ல இருக்கான். லிஃப்ட்ல போங்க." நான் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரேஸு பேச்சு மட்டும் வேண்டாம், என்னம்மா? இப்பத்தான் கொஞ்சம் சாப்பிடுதான்."

செந்தில் மெத்தை விரிப்பில் காலை நீட்டி உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தான். "அடடே, இன்ஜினியர் மேடம்! உங்களுக்குப் பட்டா? எங்க கடைப் பக்கமே வர மாட்டீங்களே, ஜீன்ஸ் பார்ட்டியாச்சே" என்று சிரித்தான். நான் ரிப்போர்ட்டில் எழுதியதை எல்லாம் நேரில் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவன் மடிப்பதை நிறுத்தாமலேயே கேட்டுக்கொண்டிருந்தான்.

"சார் அனுப்பினாரு, படிச்சேன். அது இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கவர் நிஜமா எவ்ளோ குடுத்துச்சு?"

அந்த நாலு மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். மூன்றாவது, நாலாவது ரவுண்டின் எல்லா லேப்பையும் திரும்பப் பிரித்துப் பார்த்திருந்தேன். கவர் போட்ட அதே நாளில்தான் புது டயரும் போட்டிருந்தோம். அன்று காலை மேகமூட்டம்; வெயில் ஏறுவதற்கு முன், டிராக் சூடேறாமல் டயர் நன்றாகக் கவ்வியபோதுதான் அந்த வேகமான லேப்கள் வந்திருந்தன. அவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது, செந்திலின் ஒரு லேப்புக்கும் அடுத்த லேப்புக்கும் இயல்பாக வருகிற வித்தியாசத்தைவிடக் குறைவு.

"தெரியல, செந்தில். டேட்டாவுல தெரியற அளவுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒன்றரை டென்த்துன்னு சொன்னீங்களே?"

"அது கம்ப்யூட்டர்ல வந்த நம்பர். டிராக்லயும் வந்துடுச்சுன்னு நான் நம்பிட்டேன்."

அவன் கை நின்றது.

"நான்கூட ஃபீல் பண்ணேன் மேடம்" என்றான். "கவர் போட்டதும் ஸ்ட்ரெயிட்ல கார் வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. அப்பாகிட்டகூடச் சொன்னேன்."

யாரோ மூன்று பெண்கள் லிஃப்டிலிருந்து வந்தார்கள். செந்தில் கையை ஊன்றி, வலது காலில் எழுந்து, "வாங்க வாங்க, கல்யாணத்துக்கா?" என்றான். நான் படி வழியாக இறங்கி வந்துவிட்டேன்.

இப்போது வேறு ஒரு டீமில் இருக்கிறேன். ஏரோ வேலைதான் செய்கிறேன். எந்தப் பாகத்தைக் காரில் சேர்க்கும்போதும் இரண்டு கேள்வி கேட்கிறேன். இது எவ்வளவு தரும்? இது எதைப் பார்க்க விடாமல் செய்யும்? நீங்களும் கேளுங்கள். பார்க்க முடியாத இடத்துக்கு யாரையும் டிக் போட விடாதீர்கள். அந்தக் கவரைப் பொறுத்தவரை முதல் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. இரண்டாவது கேள்விக்கு விடை ஒட்டுவதற்கு முன்பே ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் வாய்விட்டே கேட்டார். நான்தான் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லி அவர் வாயை அடைத்தேன்.